சுவருக்குப் பல் விளக்கிய நாள்

பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத்தூளைத் தொட்டு, கதவோரச் சுவரில் படிந்திருந்த கைக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இன்னா தம்பி, சொவுத்துக்குப் பல்லு வெளக்குறியா?" என்று வாசலில் ஒரு குரல். வீட்டுக்கார செங்கேணி அக்காதான். முதலியார்பேட்டையில் அவருடைய மாடி வீட்டில்தான் மூன்று ஆண்டுகள் குடியிருந்தோம். பள்ளி திறக்கிறது என்று மனைவியும் மகளும் முந்தின வாரமே மறுபடி பிரான்சுக்குப் பறந்துவிட்டார்கள். வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கிற வேலை என் தலையில் விழுந்திருந்தது. மூன்று மணிக்குச் சென்னை விமான நிலையத்துக்குக் கார் வந்துவிடும்.

ஊரிலிருக்கும் உங்களுக்கு இது விளங்க வேண்டுமானால் பிரான்சின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே வீட்டைக் காலி செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. 'எத்தா தே லியு' என்று ஒரு படிவம் உண்டு. வீடு இருக்கும் நிலையை எழுதி வைக்கிற அறிக்கை. அதில் 'அந்த்ரே' என்று ஒரு கட்டம், நுழைந்தபோது இருந்த நிலைக்கு. 'சொர்த்தி' என்று இன்னொன்று, வெளியேறும்போது இருக்கும் நிலைக்கு. சுவர், ஜன்னல், குழாய், கக்கூஸ் மூடி என்று ஒன்று பாக்கியில்லாமல் பார்த்து இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். நான் முதலியார்பேட்டைக்குப் பக்கத்து உப்பளம் பகுதியில் பிறந்தவன். பிரான்சுக்குப் போகும்வரை வீட்டைக் காலி செய்வதென்றால் சாமான் ஏற்றிவிட்டு, சாவியைக் கொடுத்து, "போய்ட்டு வரோம்" என்று சொல்வதுதான் எனக்குத் தெரியும்.

பாரிசுக்குப் பக்கத்தில் எங்கள் முதல் வாடகை வீட்டை விட்டபோது, வீட்டுக்காரர் சார்பில் பார்வையிட ஒரு பிரெஞ்சுக்கார மொசியே வந்தார். நானும் மனைவியும் இரண்டு நாள் முட்டி தேயத் துடைத்து வைத்திருந்தோம். மனிதர் சமையலறையில் நின்று மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என நினைத்து நான் இளித்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, 'மசாலா வாடை நீங்கவில்லை' என்று எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். அன்றிரவு என் மனைவி ரசம் வைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இனி எந்த வீட்டை விட்டாலும், 'இவன் சுத்தமாக வாழ்ந்தான்' என்று வீட்டுக்காரர் கையால் எழுதி வாங்காமல் படி இறங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அதனால்தான் முதலியார்பேட்டையிலும் ஒரு நீளத் தாளில் அதேபோல் அந்த்ரே, சொர்த்தி என்று கட்டம் போட்டு, டிஜிட்டல் கேமராவும் கையுமாக மூலை மூலையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்துச் சுவரின் விரிசலை எடுத்தபோது அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"என் வூட்டுல இன்னா கொறைய கண்டுட்ட, போட்டா புடிக்கிறே? கோர்ட்டுக்கா எடுத்துனு போவப் போறே?"

பதறிப்போய் மசாலா வாடைக் கதையை முழுக்கச் சொன்னேன். அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"ரசம் வெச்சா வாசன வராம, பின்ன பினாயிலா மணக்கும்? அந்த ஆளு மூக்குல கொள்ளியத்தான் வெக்கணும்! குடு அந்தத் தாள, நான் எழுதறேன்."

எட்டாவது வரை படித்தவர். தாளை அட்டையில் வைத்துக்கொண்டு தாசில்தார் தோரணையில் அறை அறையாக நடந்தார். விரிசலுக்கு, 'என் பெரியவன் பம்பரம் விட்டது, முன்னாடியே இருந்தது' என்று எழுதினார். பெருமையாகத்தான் எழுதினார். படுக்கையறைக்கு வந்ததும் நின்றுவிட்டார். "ஆணியெல்லாம் எங்க?"

பதினோரு ஆணியையும் பிடுங்கி, ஓட்டைகளை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்திருந்தேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "அட கூறு கெட்டவனே! அடுத்து வர்றவங்க காலண்டர எதுல மாட்டுவாங்க, உன் மூக்குலயா?" என்றார். சுத்தியலை எடுத்துவரச் சொல்லி, பக்கத்தில் நின்று பதினொன்றையும் அடிக்க வைத்தார். ஒன்பதாவது ஆணியில் என் கட்டைவிரல் நசுங்கியது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியாகத் தரையைக் கழுவிவிடலாமென்று வாளித் தண்ணீரைத் தூக்கினேன். அக்கா பாய்ந்து வந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"பொணம் எடுத்த வூட்டதான்டா இப்டி கழுவி உடுவாங்க. ப்ளேன் ஏறப் போறவன், வாய்ல நல்ல வார்த்த வருது பாரு எனக்கு! வெச்சிடு கீழ."

வைத்துவிட்டேன். துடைப்பத்தையும் பிடுங்கி வெளியே சாய்த்தார்.

மணி இரண்டரை. நாங்கள் குடிவந்தபோது எழுதாமல் விட்ட அந்த்ரே கட்டங்கள் எல்லாம் இப்போது நிரம்பி, கீழே 'ர. செங்கேணி' என்று கொட்டை எழுத்தில் கையெழுத்தும் விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த சொர்த்தி கட்டங்கள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன.

"இதுலயும் போடணும்க்கா. இதுதான் முக்கியம்."

"இதுல போட்டா இன்னா அர்த்தம்?"

"நான் வீட்ட விட்டுப் போய்ட்டேன்னு அர்த்தம்."

பேனாவை மூடிவிட்டார். "அப்ப போட மாட்டேன்."

கெஞ்சினேன். இது வெறும் சம்பிரதாயம் என்றேன். அது இல்லாவிட்டால் இந்தத் தாள் செல்லாது என்றேன். "செல்லாட்டி போவட்டும். போறேன்னு நீ வாயால சொன்னாலே வாய்ல போடுவேன், இதுல எழுதி வேற குடுக்கச் சொல்றியா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவைத் திறந்து கையெழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில் நிதானமாக எழுதினார்: 'வீடு சுத்தமா இருக்கு. இருந்த பிள்ளைங்களும் சுத்தம். ரசம் நல்லா வெப்பாங்க.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். ஆறேழு ஆண்டாக நெஞ்சில் கிடந்த அந்த மொசியே அங்கேயே எழுந்து போய்விட்டார். கார் வந்து ஹாரன் அடித்தது. "போய்ட்டு வரேங்க்கா" என்றேன். "வா" என்றார்.

இங்கே பிரான்சில் இப்போது ஐந்தாவது மாடியில் புது வீடு. குடிவந்த அன்று அதற்கும் ஓர் அறிக்கை எழுதி, நுழைந்ததற்குக் கையெழுத்துப் போட்டோம். இரண்டு தாள்களையும் ஒரே உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எதையோ தேடிய என் மனைவி அவற்றை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

"ஏங்க, இந்த ரெண்டு வூட்டுலயுமே நாம இன்னும் குடியிருக்கோமா?" என்றாள்.

இரண்டு தாளிலும் சொர்த்தி கட்டம் காலியாகத்தான் இருந்தது.