அத்தானின் குரல் இருந்த கணினி

கறுத்த திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. அதன் முன்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அத்தான் குனிந்து நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மேலிடத்திலிருந்து வந்த மெமோவை வாசிப்பதுபோல் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கணினி தொடங்குவதற்கு வேண்டிய கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது, மறுபடி தொடங்க இன்னின்ன பொத்தான்களை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அழுத்தினார். திரை அணைந்தது, அதே வரி திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி வந்தது. அடுக்களை வாசலில் அக்கா கரண்டியோடு நின்றிருந்தாள். அத்தான் பேச நினைத்தாலும் முடிந்திருக்காது. அந்த வாரம் அவரிடம் குரல் என்று மிஞ்சியிருந்தது வெறும் காற்றுதான்.

அத்தான் என்றால் என் ஒரே அக்காவின் கணவர். மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். லோதி ரோட்டில், முதல் மாடியில், இரண்டு அறை கொண்ட அரசு வீடு. நான் அப்போது கோல் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன். மாடிப்படியில் கால் வைப்பதற்கு முன்பே அவர் குரல் கேட்கும். பெரிய பேச்சாளர் என்றெல்லாம் இல்லை. எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்கிற மனிதர், அவ்வளவுதான். தில்லிக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அவர் இந்தியிலிருந்து திருநெல்வேலி போகவில்லை. காய்கறி வண்டிக்காரனிடம் "பையா, க்யா ரேட்டு?" என்று கேட்டால் அந்த ரேட்டு கடைசியில் நீண்டு எங்கள் ஊர்ச் சந்தையில் போய் முடியும். வண்டிக்காரன் சிரிப்பான். குடியிருப்பில் எல்லாருக்கும் அந்தக் குரலைத் தெரியும். அக்காவுக்கு அதில் பெருமை கிடையாது. "மெதுவாப் பேசினா யாருக்கும் காது கேக்காதா?" என்பாள்.

ஒரு குளிர்காலத்தில் அந்தக் குரல் கம்மியது. தில்லியில் குளிர்காலம் முழுக்கப் புகை. யாருக்குத்தான் தொண்டை கட்டாமல் இருக்கிறது? உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், பனங்கற்கண்டு போட்டுப் பால் குடித்தார். குளிர் போய் வெயிலும் வந்துவிட்டது, தொண்டை திறக்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி, வரிசை, ஸ்கேன், மறுபடி வரிசை. கடைசியில் டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, குரல்வளையில் புற்று என்றார். முழுதாக எடுத்துவிட வேண்டும். இனிமேல் மூச்சு, கழுத்தில் வைக்கும் துளை வழியாகத்தான். பழைய குரல் திரும்பாது. அத்தான் கேட்டது ஒரே கேள்வி. "லீவு எத்தனை நாள் போடணும், டாக்டர்?" வெளியே வந்ததும் அக்கா தூணோடு சாய்ந்து நின்றுவிட்டாள். அவரோ எதிரே இருந்த கடையில் மூன்று டீ சொல்லப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் இளம்பெண் இருந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அவள் அத்தானிடம், "உங்கள் குரலில் என்னென்ன வேண்டுமோ இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்; அன்றாடம் சொல்கிற வாக்கியங்கள், வீட்டு ஆட்களின் பெயர்கள், பிறகு அதைப் போனில் போட்டு அழுத்தினால் உங்கள் குரலே பேசும்" என்று சொன்னாள். அத்தானுக்கு அது பிடித்துப்போயிற்று. சொல்லாமல் விட்ட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வேலை கிடைத்ததுபோல, முன்னறையில் இருந்த பழைய கணினியின் முன் தினமும் உட்கார்ந்தார். "வெந்நி வேணும்." "ஃபேனக் குறைங்க." "இன்னிக்கு ஒண்ணுஞ் சரியில்ல." அப்படித்தான் ஆரம்பித்தார். பிறகு மகளுக்காகப் பேச ஆரம்பித்தார். அவள் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், பாதியில் இந்தி வந்து ஏறிக்கொள்ளும். எழுத்துக் கூட்டி வாசிக்க வராது.

"எழுதி வச்சா அவளுக்கு வாசிக்கத் தெரியாது, மாப்ளே. சொல்லித்தான் வைக்கணும்" என்றார் என்னிடம்.

தாத்தா யார், எந்த அத்தை யாரைக் கட்டினாள், அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் தான் எவ்வளவு நேரம் நின்றார், முதல் சம்பளத்தில் அவள் வாங்கிக் கொடுத்த சட்டை ஏன் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. இதெல்லாம் அவரிடம் நான் கேட்டறியாத பேச்சு. நாளுக்கு நாள் குரல் மங்கிக்கொண்டே போனது. முதலில் பதிந்தவற்றில் அத்தான் முழுதாக இருந்தார். பிறகு பதிந்தவற்றில் மணல் விழுந்ததுபோல் கரகரப்பு. அக்காவுக்கானதை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். ஒருநாள் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம். "அவளுக்கும் கொஞ்சம் சொல்லியிருக்கேன்" என்று அவர் என்னிடம் சொன்னபோது அரைக் குரல்தான் இருந்தது.

வினை வந்தது இடத்தால். கணினியில் இருந்ததே ஒரு சின்ன டிரைவ். அதில்தான் கணினியை இயக்கும் மென்பொருளும், மகளுடைய பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்த படங்களும், இந்தப் பதிவுகளும். இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்டத் தொடங்கியது. பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். எல்லாம் முடிந்தபின் ஒழுங்காக எடுக்கலாம் என்று அத்தான் தள்ளிப்போட்டார். எதையும் அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. டிரைவின் விவரங்களைத் திறந்து பார்த்தபோது ஒரு சிறு கட்டம் தெரிந்திருக்கிறது: இடத்தைச் சேமிக்க இந்த டிரைவைச் சுருக்கவும். அழிக்கச் சொல்லவில்லையே, சுருக்கத்தானே சொல்கிறது? டிக் போட்டுவிட்டார். "பாப்பா கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்களேன்" என்று அக்கா சொன்னதற்குக் கையை ஆட்டினார்.

சில கோப்புகளைத் தொட முடியவில்லை என்று கணினி இடையிடையே கேட்டிருக்கிறது. எல்லாவற்றையும் புறக்கணி என்று அழுத்தியிருக்கிறார். மதியம்வரை ஓடி, பாதியில் அசையாமல் நின்றுவிட்டது. சுட்டி நகரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்விட்சை அணைத்துப் போட்டார். அப்போது வந்ததுதான் அந்த வெள்ளை வரி. அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

எனக்குப் பின்னால் புரிந்தது இவ்வளவு. சாதாரணக் கோப்புகளைச் சுருக்கினால் கணினி தேவைப்படும்போது விரித்துப் படித்துக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவே. ஆனால் கணினி எழுந்திருக்கும் நேரத்தில் முதலாவதாகப் படிக்கும் கோப்பு ஒன்று உண்டு. விரிக்கத் தெரிந்த மென்பொருள் அதற்கு அப்புறம்தான் எழுந்து வரும். அந்த முதல் கோப்பையே சுருக்கிவிட்டால் அதை விரிக்க ஆளில்லை. உள்ளே எல்லாம் இருக்கும், கதவு மட்டும் திறக்காது. இதைச் சொல்லிக்கொடுக்க அந்த நேரத்தில் எங்களுக்கு யாரும் இல்லை.

மகளைப் போனில் பிடித்தோம். மறுநாள் விமானத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, ப்ளீஸ், கடைக்காரன் ஃபார்மேட்னு சொல்வான். ஒத்துக்காதீங்க. அப்பா வாய்ஸ் எல்லாம் போயிடும். ப்ராமிஸ் பண்ணுங்க" என்றாள். செய்தேன்.

கணினிப் பெட்டியை ஒரு பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குக் கொண்டுபோனோம். வேண்டாம் என்றாலும் கேளாமல் அத்தான் கூடவே வந்தார். சனிக்கிழமைக் கூட்டம். தரையெல்லாம் வயரும் கவர்களும் விற்கிறவர்கள், நாலு பக்கமும் கூவல். முதலில் நுழைந்த கடையில் இருந்தவன் பெட்டியைத் தன் திரையோடு மாட்டி அந்த வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஃபார்மேட் கர் தேங்கே, ஜல்தி ஹோ ஜாயேகா", அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். அத்தான் வாயைத் திறந்தார். நஹீ, வேண்டாம் என்கிறார், உதடு தெரிகிறது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கடைக்காரன் அவரைப் பார்க்கவே இல்லை. அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டான். அத்தான் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. அவருக்கும் சேர்த்துக் கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான்கைந்து கடை ஏறி இறங்கினோம். அத்தான் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக ஒரு கடையில், டேட்டா மட்டும் வேண்டும், கணினி ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதைக் கேட்டு, அவர்கள் டிரைவைக் கழற்றித் தங்கள் கணினியில் இரண்டாவதாக மாட்டினார்கள். அந்தக் கணினி தன் சொந்த டிரைவிலிருந்து எழுந்தது. எங்களுடையதை ஒரு சாமான் பெட்டிபோலத் திறந்து காட்டியது. அத்தானின் ஃபோல்டர் இருந்தது. ஒன்றை அழுத்தினார்கள். "பாப்பா, சாப்பிட்டியா?" என்று அந்தக் கடை முழுக்க அத்தான் கேட்டார். நல்ல காலத்துக் குரல். கடையில் ஒருவன் யாருடைய போன் என்று திரும்பிப் பார்த்தான். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் கிடைக்கவில்லை. ஸ்விட்சை அணைத்த நேரத்தில் சுருங்கிக்கொண்டிருந்த சில கோப்புகள் பெயர் மட்டும் இருந்து திறக்க மறுத்தன. மகளுக்கான பெரும்பகுதி இருந்தது, அன்றாட வாக்கியங்கள் இருந்தன. அக்காவுக்காகப் பேசியிருந்த இரண்டு பதிவுகளும் போய்விட்டன.

ஞாயிறு மதியம் அக்கா தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்திருந்தாள். அதற்கப்புறம் பல நாள் மூக்குக் குழாய் வழியே கஞ்சிதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அத்தான் என் போனை வாங்கி, அக்காவை எதிரே உட்காரும்படி சைகை காட்டினார். அழிந்துபோனதைத் திரும்பச் சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. அவர் வாயருகே போனைப் பிடித்துக்கொண்டு காற்றைத் திரட்டினார். இருமல் வந்து ஆளையே உலுக்கியது. அக்கா போனை அவர் கையிலிருந்து எடுத்து மேசையில் கவிழ்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். சொதி ஆறிப்போவுது, சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். இரண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சிகிச்சை நடந்த அன்று வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, யாரிடமோ சொல்வதுபோல், "அன்னிக்குப் பேச விட்டிருக்கலாம். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். மகள் அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். களைத்துப்போயிருந்தோம். அழுவதற்குக்கூட யாரிடமும் தெம்பில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. அத்தான் பிழைத்துக்கொண்டார். பென்ஷன் வாங்குகிறார். லோதி ரோடு வீட்டைக் காலி செய்துவிட்டு தில்லியிலேயே துவாரகாவில் வாடகைக்கு இருக்கிறார்கள். கழுத்தில் வைத்தால் இரைந்து பேசும் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார். தகரத்தில் ஈ அடைபட்டதுபோல் ஒரே சுருதியில் வரும் பேச்சு. போனில் போட்ட பழைய வாக்கியங்களைச் சில மாதம் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

போன தீபாவளிக்கு மகள் வந்திருந்தபோது அந்தப் பதிவுகளைப் பற்றிக் கேட்டேன். மூன்று இடத்தில் பிரதி வைத்திருப்பதாகச் சொன்னாள். கேட்டாயா என்றேன்.

"ஒண்ணுகூட இல்ல, மாமா. அப்பாதான் இருக்காரே. இப்பவே கேட்டா…" என்று நிறுத்தினாள். "அப்புறம் கேட்டுக்கலாம்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலை தூக்காமல், "நான் ஒண்ணு கேட்டேன்" என்றாள்.

மகள் தன் அம்மாவின் போனில் எல்லாவற்றையும் ஏற்றியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டதாம். கையைத் துடைத்துக்கொண்டு அக்கா போட்டுக் காட்டினாள். அத்தான் தாத்தாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் தூரத்தில் அக்கா குரல்: "என்னங்க, கேஸ்காரன் வந்திருக்கான், கதவத் தொறங்க." அத்தான் நிறுத்திவிட்டு முழுக் குரலில் கத்துகிறார். "ஏளா, ரெக்கார்டு ஓடுதுல்லா! சித்த நேரம் சும்மா இருக்கியா?" அக்கா விடவில்லை: "ஆமா, பெரிய ரேடியோ ஸ்டேஷன்." பிறகு நாற்காலி நகரும் சத்தம், அதோடு முடிகிறது.

"எனக்குன்னு சொன்னதுல இதுதான் மிச்சம்" என்றாள் அக்கா. "இதுலயும் எம்மேல எரிஞ்சு விழத்தான் செஞ்சிருக்காவ."

அறை வாசலில் அத்தான் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கருவியைக் கையில் எடுக்கவில்லை. தோள் இரண்டும் குலுங்கின; கழுத்துத் துளையிலிருந்து காற்று விட்டுவிட்டுச் சீறியது. முதலில் பயந்துபோனேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, போனில் அந்தச் சண்டையை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.