அந்த ஒரு வரியை அழிக்க மாட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன், பெங்களூரு பொம்மனஹள்ளியில் குடியிருந்துகொண்டு, பகலில் வேலை, மாலையில் எம்.டெக் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

புராஜெக்டுக்கு இரண்டு கணினி மொழிகளை ஒப்பிட எடுத்திருந்தேன். இரண்டிலுமே படிப்படியாகக் கட்டளை எழுத வேண்டியதில்லை. ஒன்றில் விதிகளை எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால், அதுவே பின்னோக்கிப் போய் ஆதாரம் தேடும். மற்றதில் பெட்டியும் கோடுமாகப் படம் வரைய வேண்டும். தேவையான தகவல் எல்லாம் வந்து சேர்ந்தால்தான் ஒரு பெட்டி வேலை செய்யும்.

‘மருந்து அலர்ஜி இல்லையென்றால் இந்த ஊசி போடலாம்’ என்ற விதியை இரண்டிலும் எழுதி, கற்பனை நோயாளிகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். மற்ற எல்லோருக்கும் இரண்டும் ஒரே விடைதான் சொல்லின. அலர்ஜி விவரமே பதியாத ஒருவருக்கு மட்டும், முதல் மொழி தேடிப் பார்த்து, எதுவும் கிடைக்காததால் ‘போடலாம்’ என்றது. படமோ அசையாமல் நின்றுவிட்டது.

என் படத்தில்தான் தப்பு என்று நினைத்து, காலியாக இருந்த இடத்தில் ‘இல்லை’ என்று நிரப்பினேன். ஜீவனஹள்ளியில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் என் அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“யாரைக் கேட்டுடி ‘இல்ல’ன்னு போட்ட? நான் இப்படி எழுதினா அன்னிக்கே வேலை போயிடும்.”

வெட்கமாகிவிட்டது. நிரப்பியதை எடுத்துவிட்டு, அந்த நோயாளிக்கு மட்டும் இரண்டு விடைகளும் வேறு என்று அறிக்கையின் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். வகுப்பில் வைத்தே என் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “படம் ஹேங் ஆயிடுச்சும்மா. அந்த வரிய எடுத்துட்டு, ரெண்டும் ஒண்ணுதான்னு எழுது. சைன் போடறேன்,” என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். ஆபீஸில் எனக்கு வரவேண்டிய புரமோஷனும் அதோடு போய்விடும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்குப் பென்சிலின் அலர்ஜி இருக்கா ஸார்?”

“இல்லா.”

“எப்பவாவது போட்டிருக்கீங்களா?”

“கொத்தில்லா,” என்றார். தெரியாது என்று அர்த்தம்.

“தெரியாமலேதான மொதல்ல இல்லான்னீங்க? அந்த முதல் மொழியும் அதைத்தான் ஸார் பண்ணுது.”

வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. நான் பேசியது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியை எடுக்கவில்லை. கையெழுத்தும் கிடைக்கவில்லை, புரமோஷன் வேறொருவருக்குப் போனது. ஆறு மாதம் கழித்து, அதே அறிக்கையை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வேறொரு பேராசிரியரிடம் கொடுத்துப் பாஸானேன்.

தெரியாததைத் தெரியாது என்று எழுத ஆறு மாதம் விலை என்றால், இன்னொரு முறை கேட்டாலும் கொடுக்கத் தயாராகவே இருக்கிறேன்.