ஸ்டீல் ஃப்ளோட்டில் ஈயம் பிடித்த கதை

1. முதல் நாள்

பம்மலில் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் நான் சேர்ந்தது சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துச் சால்டரிங் செய்ய. முதல் நாளே முதலாளி தனசேகர் சார் என் மேஜையில் ஆரஞ்சுப் பழம் அளவில் ஒரு ஸ்டீல் உருண்டையை வைத்தார். உள்ளே வெறும் காற்று. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறினால் இது மிதந்து மேலே வரும், அதை வெளியே இறைக்கும் மோட்டார் தானாக ஓடும். ஃப்ளோட் என்போம். அதன் தலையில் ஒரு பித்தளைக் குழாயைத் தண்ணீர் புகாதபடி பொருத்த வேண்டும்.

வெல்டர் மோகன் அண்ணா ஏற்கெனவே முயன்று கைவிட்டிருந்தார்.

"தகடு காயிதம் மாதிரி கீதும்மா. வெல்டிங் பட்டவுடனே ஓட்டை வுழுது. உன் சால்டரிங் அயர்ன்ல ஆவுதா பாரு" என்றார்.

ஈயம் ஒட்டுவதற்காகப் போர்டுக்குப் போடும் ரோசின் ஃப்ளக்ஸ் என்ற பசையைத் தடவி ஈயத்தை வைத்தேன். ஒட்டவே இல்லை. உருண்டையாகத் திரண்டு மேஜையில் விழுந்தது. சாயங்காலம் வரை அதே கதை. "பொம்பளைங்க போர்டோட நின்னுக்கலாம்" என்று ஸ்டோர்ஸ்காரர் சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு வந்துவிட்டேன்.

2. பிடித்தது

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டு. துருப்பிடிக்காமல் காப்பதும் அதுதான், ஈயத்தை ஒட்டவிடாததும் அதுதான். எமரி தாளால் தேய்த்தாலும் சீக்கிரமே திரும்ப வந்துவிடும். அதனால் தேய்த்த கையோடு, அந்தப் படலத்தை அரிக்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் தடவ வேண்டும். தாம்பரம் ஹார்டுவேர் கடையில் அதை வாங்கி வந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஸ்டீலில் சூடு சட்டென்று பரவாது. ஒரே இடத்தில் அயர்னை வைத்தால் ஃப்ளக்ஸ் கருகும். சுற்றிச் சுற்றிச் சூடாக்கினேன். ஈயத்தை அயர்னில் உருக்காமல் ஸ்டீலிலேயே தொட்டேன். ஒரு வாரம் பல உருண்டைகள் வீணான பிறகு, ஒரு மத்தியானம் ஈயம் குழாயைச் சுற்றிப் பளபளவென்று ஓடி இடுக்குக்குள் இறங்கியது. வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஷோக்கா புடிச்சிகிச்சே!" என்று மோகன் அண்ணா கத்தியதில் ஸ்டோர்ஸ்காரரும் எட்டிப் பார்த்தார்.

3. முடிச்சூர்

மழைக்காலத்தில், எங்கள் ஃப்ளோட்டைப் பொருத்தியிருந்த முடிச்சூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து போன் வந்தது. சாரும் நானும் போனோம். கீழ்த்தளத்தில் முட்டிக்கு மேல் தண்ணீர். வாட்ச்மேன் நனைந்துபோன தன் துணிமணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"மோட்டார் ஆன் ஆகவே இல்ல சார். வாட்ச்மேன் ரூம்ல இருந்ததெல்லாம் போச்சு. பைக் எல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது" என்றார் குடியிருப்புச் செயலாளரான ஓர் அம்மா.

ஃப்ளோட்டைக் கழற்றினேன். கனத்தது. உள்ளே தண்ணீர். ஈயத்தை ஒட்டிய ஸ்டீலில் பழுப்புப் புள்ளிகள், நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை.

"சப்ளையர் மட்டமான தகடு குடுத்துட்டான் மேடம்" என்றார் சார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பற்றவைத்த பிறகு ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டிருந்தேன். மிச்சமிருந்த ஆசிட் ஸ்டீலைத் தின்றிருக்கிறது. வாயைத் திறந்தால் வேலை போகும் என்று தெரியும். வாட்ச்மேன் பிழிந்துகொண்டே இருந்தார்.

"இல்ல சார், தகடு நல்ல தகடுதான். ஆசிட்டை நான் சரியா கழுவல."

சார் என்னையே பார்த்தார். அந்த அம்மா கேட்டார்: "அப்ப மத்த இடத்துல போட்டதும் இப்படித்தான் ஆகுமா?"

"ஆகும் மேடம். எல்லாத்தையும் நானே மாத்திடறேன்."

திரும்பி வந்ததும் சார் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நாளைக்கு மோகனையும் கூட்டிக்கிட்டு போம்மா. வாட்ச்மேனுக்கு ஆனதை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பொழிச்சலூர், திருநீர்மலை என்று மழையிலேயே அலைந்து பழைய ஃப்ளோட்களை ஒன்று விடாமல் கழற்றினோம். புதியவற்றை, ஆசிட் துளியும் மிஞ்சாதபடி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, ஒரு வாரம் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன்.

இன்று ஃப்ளோட் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. ஈயம் பிடித்தது பாதி வேலைதான். கழுவி முடிப்பது மீதி. தப்பைச் சொன்னதால்தான் அந்த மீதியையும் என்னால் செய்து முடிக்க முடிந்தது.

அடுத்த மழைக்கு முடிச்சூர் அம்மா மறுபடியும் போன் செய்தார். பயந்துகொண்டே எடுத்தேன். அந்தப் பக்கம் கொட்டும் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதாம்மா?" என்றார்.