ஃபேன் காற்றும் சுக்கு காபியும்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். கோவளத்தில் மீன் விற்கும் வீட்டில் பிறந்து, கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனவள். கடல்காற்றிலேயே வளர்ந்த உடம்புக்கு அந்த ஆபீஸ் ஹால் இட்லிப் பானை மாதிரி இருந்தது. உச்சியில் கயிற்றை இழுத்துத் திறக்கிற வென்டிலேட்டர்கள் உண்டு. கயிறு என்றைக்கோ அறுந்துவிட்டதால் அவை மூடியே கிடந்தன.

ஹாலுக்கு ஒரே ஒரு ஃபேன். அதற்கு நேர்கீழே யார் உட்காருவது என்பதெல்லாம் சீனியாரிட்டிப்படி. தலை நரைக்கும்வரை காத்திருந்து அந்த இடத்தைப் பிடித்தவர் எங்கள் ஹெட் கிளார்க். என் மேஜை மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. கார்பன் பேப்பர் பறக்கும், அதனால் டைப்பிஸ்டுக்குக் காற்று ஆகாது என்று எப்போதோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள். யாரென்று தெரிந்திருந்தால் அப்போதே நாலு கேள்வி கேட்டிருப்பேன். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சுவரில் முதுகு பட்டால் சுடும்.

அந்த அக்னி நட்சத்திரத்தில் எனக்கு ஐந்தாம் மாதம். முந்தைய வருஷம் இதே ஐந்தாம் மாதத்தில்தான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்திருந்தேன். புழுக்கத்தில் உட்காராதே, உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கோ டெம்பரரி வேலை. பிரசவ லீவைத் தவிர நீண்ட லீவு போட்டால் வேலை போய்விடும். கண் பட்டுவிடும் என்ற பயத்தில் ஆபீஸில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே டைப் அடித்தேன்.

ஒருநாள் எழுத்துகள் மங்கின. மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

"சார், அக்கா மயங்கி வுழுந்துட்ச்சி!" என்று பியூன் கத்தியது மட்டும் காதில் விழுந்தது. முகத்தில் தண்ணீர் பட்டுக் கண் திறந்தபோது ஹெட் கிளார்க் எதிரே நின்றார். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றின் மேல் இருந்த என் கையையும் பார்த்தார். "வூட்டுக்குப் போம்மா" என்றார்.

மறுநாள் போனால் என் மேஜை ஃபேனுக்குக் கீழே கிடந்தது. மேற்குச் சுவரோரம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹெட் கிளார்க் உட்கார்ந்திருந்தார்.

"சார், இது உங்க எடம்..."

"எனுக்கு சைனஸும்மா. ஃபேன் காத்து ஒத்துக்கல. நீ உன் வேலையப் பாரு" என்று வள்ளென்று விழுந்து, ஒரு தும்மலும் தும்மினார்.

கார்பன் பேப்பருக்கும் வழி பிறந்தது. பியூனுக்கு மாமல்லபுரம். சிற்பக்கூடத்தில் கழித்துப்போட்ட கருங்கல் துண்டுகளைப் பை நிறைய அள்ளிவந்து தாள்களின் மேல் வைத்துவிட்டார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. வியர்வை அடங்கி, வயிற்றுக்குள் பிள்ளை புரண்டதை அன்றுதான் முதல்முதலாக உணர்ந்தேன். அழுகை வந்துவிட்டது.

இப்படி வாழவைத்த மனுஷனுக்குச் சும்மா நன்றி சொன்னால் போதுமா? சைனஸுக்குக் கைகண்ட மருந்து என்று தினமும் ஃப்ளாஸ்க் நிறையச் சுக்கு காபி போட்டுக்கொண்டு போனேன். கத்திரி வெயிலில், காய்கிற சுவரோரம், கழுத்தில் துண்டோடு அவர் அதை ஊதி ஊதிக் குடிப்பார். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடும். "நல்லா வேர்க்குது பாருங்க சார், சளியெல்லாம் எறங்கிடும்" என்பேன் நான். "ஆமாம்மா" என்பார். பியூன் மட்டும் ஏனோ வெளியே ஓடிவிடுவார்.

ஆவணியில் பிரசவ லீவு. கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனபிறகுதான் ஃப்ளாஸ்க்கை விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

ஹெட் கிளார்க் என் நாற்காலியில், ஃபேனுக்கு நேர்கீழே. துண்டு எங்கோ கிடந்தது. சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, "அப்பாடா! எத்தினி நாளாச்சுப்பா!" என்றார்.

"இனிமே சுக்கு காபியும் கெடியாது சார்" என்று பியூன் சிரித்தார்.

"சத்தம் போடாதய்யா. அந்தப் பொண்ணு பஸ் ஏறிட்ச்சா பாரு மொதல்ல."

நான் உள்ளே போகவில்லை. ஃப்ளாஸ்க் அங்கேயே இருக்கட்டும் என்று சத்தமில்லாமல் படியிறங்கினேன். சிரிப்பு ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். அந்த மனுஷனுக்கா வெயிலில் சுக்கு காபி ஊற்றினேன்!

பெண் குழந்தை பிறந்தது, எந்தக் குறையும் இல்லாமல். லீவு முடிந்து போனபோது என் மேஜை ஃபேனுக்குக் கீழேயே இருந்தது. அவர் மறுபடி சுவரோரம், கழுத்தில் துண்டு. இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால் கேட்கவேயில்லை. பிள்ளை பெற்ற உடம்பாம், அடுத்த கோடைக்கும் நான் அங்கேதான் இருக்கவேண்டுமாம்.

அடுத்த கோடை வந்ததும் அதே ஃப்ளாஸ்க்கைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். பழக்கதோஷத்தில் ஊதிக்கொண்டே வாயில் வைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். ஃப்ளாஸ்க்குக்குள் இருந்தது மண்பானையில் வைத்துக் குளிர்ந்த மோர்.

என்னைப் பார்த்தார். பியூனைப் பார்த்தார்.

"சைனஸுக்கு மோர் ஆகாதேம்மா" என்றார். சொல்லிவிட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.