ஐயாவின் மாத்திரை டிரம்

“இந்தக் கை மாத்திரையைத் தொட்டதில்லை, இனித் தொடப்போவதும் இல்லை!” என்று ஐயா வலது கையை உயர்த்தி முழங்கியபோது சபையில் இருந்த இருநூறு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். பத்து வருடம் லிஃப்டுகளுக்குக் கிரீஸ் தடவிய கை. மாத்திரையைத் தவிர மற்றதெல்லாம் தொட்டிருக்கிறது.

ஞானம் வந்தது சபையை ஆரம்பித்த பெரியவரிடமிருந்து. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன கட்டடத்தில்தான் பெரியவர் இவரைப் பிடித்தார். மருந்து சாப்பிடுகிறவனைக் கடவுள் கைகழுவிவிடுவார் என்றார், இவர் நம்பினார். அதே பெரியவர் நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இவர் மடியிலேயே போனபோதும் நம்பினார். ஆனால் கடைசியாக அவர் பார்த்த பார்வை மட்டும் இவருக்குள் குடியேறிவிட்டது. அது அருள் என்று சபைக்குச் சொன்னார். அது பயம் என்று இவருக்குத் தெரியும். அதனால்தான் அன்றிலிருந்து விளக்கை அணைக்காமல் தூங்கினார்.

சபை வாசலில் ஒரு தகர டிரம் உண்டு. வருகிறவர்கள் தங்கள் மாத்திரைகளை அதில் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். டிரம் நிறைய நிறைய ஐயாவின் குரலும் கனத்துக்கொண்டே போனது.

ஐயாவுக்கு ஐம்பது பிறக்க நாலு நாள் இருந்தது. மத்தியானம், கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் யாரோ ஸ்பானரை மாட்டித் திருகியதுபோல இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. இடது கை வேறு யாருடையதோபோல் தொங்கியது. எதிர்ச்சுவரில் பெரியவரின் படம், இப்போது அதிலும் அந்தப் பார்வைதான்.

தவழ்ந்தே வாசலுக்குப் போய் டிரம்மைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள் சரிந்து தரையெங்கும் பரவின. எது எதற்கு என்று ஒரு மண்ணும் புரியவில்லை.

கூட்டிப் பெருக்க முன்னதாக வந்த தையல்காரம்மா விளக்குமாற்றோடு நின்றுவிட்டாள்.

“என்னய்யா பண்றீங்க?”

“இதுல... நெஞ்சுவலிக்கு எதும்மா?”

“அதுல ஏதுங்கய்யா? எல்லாம் சத்து மாத்திரை, காலி அட்டை. நெஜத்தக் கொண்டாந்து போட நாங்க என்ன பைத்தியமா?”

“எல்லாருமா?”

“டிரைவரண்ணன் ஒருத்தர்தான் நெஜத்தப் போட்டாரு. பாவம், உங்கள நம்பிட்டாரு.”

டிரைவரைத் தூக்கிப்போய் மூன்று மாதம் ஆகிறது. ஐயாதான் முன்னால் தோள் கொடுத்தார். ‘கடவுள் ஆசையாக அழைத்துக்கொண்டார்’ என்று அன்று பேசியது ஒரு எழுத்து விடாமல் இப்போது காதில் கேட்டது. ஆக, இந்தச் சபையில் நம்பியவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் போய்ச் சேர்ந்தாயிற்று. இன்னொருவர் சத்து மாத்திரைகளுக்கு நடுவே கிடந்தார்.

தையல்காரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பிறகு இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, பட்டனுக்கும் ஊசிக்கும் அடியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள்.

“நாக்குக்கு அடியில வைங்க. முழுங்கிடாதீங்க.”

“எல்லார்கிட்டயும் சொல்லிடுவியாம்மா?”

“மொதல்ல பொழைங்கய்யா. அப்புறம் நீங்களே சொல்லுங்க.”

வெளியே கேட் திறந்தது. கூட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்; பேச்சுச் சத்தம் நெருங்கியது. ஐயா வாசலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், சுவர்ப் படத்தைப் பார்க்கவே இல்லை. வலது கை அட்டையை நோக்கி நீண்டது.