கண்ணாடி திருடிய மத்தியானம்

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையில், நாங்கள் நான்கு பெண்கள் நெசவாளர் தெருக்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாகத் திருடினோம்.

பணம், நகை, பட்டு, ஜரிகை தொடக் கூடாது. தெருப்பக்கம் நுழைந்து, ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தோட்டப்பக்கம் வெளியே வர வேண்டும். எடுத்ததை மற்றவர்களிடம் காட்டிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கரண்டி, விசிறி, ஒரு முறை பாதிப் பல் போன சீப்பு. வீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டால் தோல்வி.

எங்கள் வீடுகளை இதற்கென்றே கட்டியிருந்தார்களோ என்னவோ. ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவில் தறி. தறி ஓடும்போது யானை நடந்தாலும் கேட்காது. நின்றுவிட்டால் கொலுசு மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அதனால் தறியின் பலகை நூலை நெருக்கி அடிக்கும்போது மட்டும் நடப்போம். நெய்கிறவர் மூக்குப்பொடி போட நிறுத்தினால், தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்போம். அதைவிடச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு. எங்களில் ஒருத்தி தாவணித் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டுதான் உள்ளேயே போவாள்.

மாட்டிக்கொண்டால் மற்றவர்களுக்குத் திட்டு விழும். எனக்குப் பள்ளிக்கூடமே போய்விடும். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். பெரியவளான பிறகும் படிக்கப் போகிறேன் என்பது உறவினர் பலருக்கு உறுத்தல். தெருவில் ஒருவர் என்னைப் பற்றிக் குறை சொல்லிவிட்டாலும் அன்றோடு படிப்பு சரி என்று அப்பா சொல்லியிருந்தார்.

தெருக்கோடி வீட்டில் மட்டும் யாரும் கைவைத்ததில்லை. அங்கே மாமா தறிக் குழியில் உட்கார்ந்து நெய்ய, அத்தை பக்கத்தில் இருந்து புடவைக் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். இரண்டு பேரை ஏமாற்ற வேண்டும்.

"இவ படிக்கிற பொண்ணுபா. பயம் இருக்கும். உட்டுடுங்க," என்றாள் தாவணித் தலைப்புக்காரி.

அதைக் கேட்டுவிட்டுப் போகாமல் இருக்க முடியுமா?

மாமாவின் மூக்குக்கண்ணாடி அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் மாடத்தில் இருந்தது. நெய்ய அவருக்குக் கைப்பழக்கம் போதும், அறுந்த இழையைக் கட்டத்தான் கண்ணாடி. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நெடுக்கு நூலான பாவை நீட்டிக் கட்டியிருந்த பக்கமாகப் பாதி தூரம் போயிருப்பேன், தறி நின்றது. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மறுபடி ஓடியது. எழ வேண்டிய அந்த நொடியில், என் மூக்குக்கு நேரே பாவில் ஓர் இழை பட்டென்று அறுந்து சுருண்டது.

மாமா நெய்துகொண்டே இருந்தார். அந்த இழையை விட்டால் புடவை நெடுகக் கோடு விழும். நாங்கள் நடக்கப் பழகும்போதே அறுந்த இழையைக் கண்டால் சொல்லவும் பழகியவர்கள். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"மாமா, இழை அறுந்துபோச்சு."

தறி நின்றது. மாமா என் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அத்தையிடம் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். அத்தை எழுந்து போய் மாடத்தைப் பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார். கண்ணாடியின் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி எங்கியோ ஊர்கோலம் போயிருக்குது. அந்தப் பொண்ணையே கட்டச் சொல்லு," என்றார் அத்தை. அவர் தோள் குலுங்கியது.

இழையைக் கட்டினேன். மாமா முடிச்சைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். தறி ஓடத் தொடங்கியதும் கண்ணாடியை மாடத்தில் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பலகைச் சத்தத்துக்கே அடியெடுத்து வைத்து வெளியே வந்தேன்.

கையில் காட்ட ஒன்றுமில்லை. நான் கண்ணாடியை எடுத்தேன் என்பதை மூவரும் நம்பவில்லை. எனக்கோ அது கவலையாகவே இல்லை. அத்தை அப்பாவிடம் வருவாரா என்பதுதான் கவலை.

சாயங்காலம் வந்தேவிட்டார். அப்பா தறியை நிறுத்தினார். வேடிக்கை பார்க்க மூவரும் எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒண்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"அண்ணே, உம் பொண்ணு இன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்துது," என்று ஆரம்பித்தார் அத்தை. என்னைப் பார்த்துக்கொண்டே நிதானமாக வெற்றிலையை மென்றார். "அது வந்ததும் இவரு கண்ணாடி காணாம பூட்ச்சி. அது போனதும் வந்துடுச்சி. அது இன்னா மாயமோ. ஆனா இழை கட்டுது பாரு, அப்பிடி ஒரு கை. தினமும் அனுப்பேன், தறியிலயே உக்கார வெச்சிக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"அது முடியாதும்மா. அது பத்தாவது போவுது. படிக்கணும்," என்றார்.

அடுத்த ஆள் முன்னால் அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு எகிறிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே தாவணித் தலைப்பு வாயிலிருந்து நழுவி, ஒரு சிரிப்பு பீறிட்டது.

எங்கள் தறி அப்போது ஓடவில்லை. அப்பா வெளியே எட்டிப் பார்த்தபோது, மூவரும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.