பள்ளத்தாக்குக்குப் போக ஓர் அப்பன்

சுனிதாவுக்கு அந்தப் பள்ளத்தாக்கு தலைகீழ்ப் பாடம். ரயிலை விட்டு இறங்கினால் மஞ்சள் பஸ். பஸ் நிற்கிற பாலத்துக்கு இடது கைப்பக்கம் பதினான்காம் நம்பர் நடைபாதை. ஒன்றரை மணி நேரம் ஏறினால் ஊசியிலை மரங்கள் முடிந்து புல்வெளி. அங்கே ஹெல்கா என்கிற பண்ணைக்காரியின் மர வீடு, பதினெட்டு மாடுகள், விருந்தாளிகளுக்கு மாடியில் நாலு அறை. ரங்கூனில், லான்மடாப் பேட்டையில், இனாயத்துல்லா பாயின் டிராவல்ஸில் உட்கார்ந்தபடியே, ஆறு வருஷமாக ஊர்ச் சனத்தை அந்த ஆல்ப்ஸ் மலைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் ஏறி இறங்குவதெல்லாம் இன்சீன் போகிற வட்ட ரயில் மட்டும்தான்.

உட்கார்ந்தபடி என்று சொன்னது தப்பு. அவளுக்கு உட்கார வராது. ரயிலில் இடம் கிடந்தாலும் வாசலில் நிற்பாள். வண்டி நிற்குமுன் குதிப்பாள். கடையில் போன் பேசினால் மேசையைச் சுற்றி நடப்பாள். "புள்ள, நீ நடக்குற நடைக்கு ஆஸ்திரியாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்பார் பாய். முப்பத்து நாலு வயதாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே விமானம் போனால் இன்றைக்கும் தலை தானாக அண்ணாந்துவிடும்.

போன வருஷம் அந்தப் பண்ணையில் தங்கிவிட்டு வந்த பல் டாக்டரம்மா கடைக்கே வந்து சண்டை பிடித்தார். "பூ வாசம்னு எழுதியிருந்தியேம்மா. போய் இறங்குனதுலேருந்து ஒரே சாணி வாசம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சுனிதாவும் சிரித்தாள், காதுமடல் சுட்டது. தொங்குவா பக்கத்துக் கிராமத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பத்தடி தள்ளிப் படுத்துப் படித்து, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் 'அப்பா நெல் வியாபாரி' என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். 'பண்ணை அனுபவம்: நீங்களே பால் கறக்கலாம், வைக்கோல் அள்ளலாம்' என்று விளம்பரம் எழுதுகிற கை, மாதம் ஒருமுறை ஊருக்குப் போனால் அதே வைக்கோலை அள்ளும்.

இந்த மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பாய் கூப்பிட்டார். ஜூனில் எட்டுப் பேர் போகிறார்கள். கூட்டிப்போக இருந்தவன் கால் முறிந்து கிடக்கிறான்.

"நீ போறியா?"

"நானா பாய்?"

"இல்ல, ஒனக்குப் பின்னால நிக்கிற மின்விசிறியக் கேட்டேன். தூதரகத்துல வியாழக்கிழம நேரம் கெடச்சிருக்கு. பாஸ்போட்டு இருக்குல்ல?"

ஆறு வருஷமாக வைத்திருக்கிறாள். ஒரு தாளிலும் முத்திரை இல்லாத பாஸ்போர்ட்.

பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆனா ஒன் பைலப் பார்த்தா பயமாருக்கு. கல்யாணம் இல்ல, வீடு வாடக. போனா திரும்பி வரமாட்டான்னு முடிவு கட்டிருவாங்க. அப்பா பேர்ல நெலம் ஏதும் இருக்கா?"

"பதினோரு ஏக்கர் இருக்கு பாய்."

"அட! அப்ப அந்த நெலக் காயிதத்தையும் ஒன் அடையாளக் கார்டையும் வச்சா முடிஞ்சுது. கார்டுலதான் அப்பா பேரு இருக்குதுல்ல."

சிக்கலே அந்தப் பெயரில்தான் இருந்தது. சுனிதா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிள்ளைக்கு ஒரு பர்மியப் பெயர் போடுவது அங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் உள்ள வழக்கம். வீட்டில் சுனிதா, வெளியில் மா தான்டார். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் படிவத்தில் தகப்பன் பெயரை உரக்கப் படித்துச் சரிபார்த்தார்கள். 'நல்லப்பன்' என்று வாத்தியார் நாக்கைச் சுழற்றிச் சுழற்றித் தடுமாற, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று மதியம் அவள் அந்தப் பெயரை அடித்துவிட்டு, போகிற வழியில் தினமும் பார்க்கிற அரிசி மில் பலகையிலிருந்து ஒரு பெயரை எடுத்து எழுதினாள்: ஊ தெய்ன் அவுங். படிவத்திலிருந்து அடையாளக் கார்டுக்கும், கார்டிலிருந்து பட்டச் சான்றிதழுக்கும் அந்த ஆள் பின்னாலேயே வந்துவிட்டார். காகிதத்தில் அவள் மில்காரர் மகள். நல்லப்பனுக்கும் அவளுக்கும் எழுத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வழி ஒன்று உண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கிராமத் தலைவர் சாட்சிக் கடிதம் கொடுக்கலாம். அதற்கு அப்பாவே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவரோ தமிழில் கையெழுத்துப் போடுவதோடு சரி. பர்மிய எழுத்துத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களை அதன் கீழேதான் உட்கார வைப்பார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் தொங்குவாவுக்குப் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை குறைந்துகொண்டே வந்து, வீட்டு வாசலை மிதித்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

நல்லப்பன் கன்றுக்குட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னா செவ்வாக்கிழமையில? வேலைய விட்டுத் தூக்கிட்டானா?"

"இல்லப்பா. வெளிநாடு போகப் போறேன். பத்து நாளு."

"எதுக்கு?"

"மலையில நடக்குறதுக்கு. ஒரு பொம்பளயோட பண்ணையில தங்குவாங்க. மாடு பாக்குறது, பால் கறக்குறது…"

"காசு குடுத்தா?"

"காசு குடுத்துத்தான்."

அவர் கயிற்றை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். "ஏ ஆண்டாளு, கேட்டியா கூத்த! இங்க கறக்கச் சொன்னா கையி வலிக்கும். அங்க போயி காசு குடுத்துக் கறக்குறாளாம்."

"அவ எந்திரிச்சு வர்றதுக்குள்ள கன்னுக்குட்டியே குடிச்சு முடிச்சிரும்" என்று உள்ளிருந்து அம்மா சொன்னாள்.

சுனிதா கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குட்டி போட்ட பூன மாதிரி அலையாத. சொல்லு."

சொன்னாள். பரீட்சைப் படிவம், வகுப்புச் சிரிப்பு, மில் பலகை. எல்லாவற்றையும் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நல்லப்பன் காறித் துப்பினார். "தெரியும்."

"என்னப்பா தெரியும்?"

"பட்டத்தத் தூக்கிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போனேன்ல, படிச்சுச் சொல்லச் சொல்லி. மூணு தடவ படிச்சாரு. 'நல்லப்பா, ஒம் பேர் இதுல இல்லியே'ன்னாரு. மாட்டுறதா வேணாமான்னு ரெண்டு நாளு யோசிச்சேன். பட்டம் ஒன்னுதுதானே, மாட்டிட்டேன்." கன்றின் கழுத்தைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. ஊருல எத்தினி பேர் இருக்கான். போயும் போயும் அந்த எடக் கள்ளனையா அப்பனாக்குன? மூட்டைக்கு ஒரு படி அடிப்பான்!"

அவள் மாட்டை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். அவர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

கிராமத் தலைவர் ஊ சான் லின் தாளை எடுத்துப் போட்டு, பர்மிய மொழியில் கேட்டார்: "நல்லப்பன், நீதான் ஊ தெய்ன் அவுங் என்று சொல்கிறாயா?"

"நான் நல்லப்பன். இவளுக்கு அப்பன். மத்தது இவ வச்ச பேரு."

"சொல்கிறாயா, இல்லையா?"

நல்லப்பன் மகளைப் பார்த்தார். மேசை விளிம்பை அவள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "சொல்றேன், சொல்றேன். எழுதுங்க."

இரண்டு பெயருக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வேண்டுமென்றார் தலைவர். முதல் கோட்டில் தமிழில் நிறுத்தி எழுதினார் அப்பா. இரண்டாவது கோட்டில் பேனா தொங்கிக்கொண்டு நின்றது.

"அந்தாளு எப்படிக் கையெழுத்துப் போடுவான்னு எனக்குத் தெரியாதே."

"கைநாட்டு வை."

மைத்தட்டில் அழுத்தி வைத்தார். "கட்டவெரலுக்குப் பேரு கெடையாது. நல்லதாப் போச்சு." மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை போகுமுன் பாய் பாடம் சொல்லிக்கொடுத்தார். "ரெண்டு பேரு ஏன்னு கேட்டா, எங்க ஊர் வழக்கம்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

தூதரக ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மையார் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைக்கு மேலே கடிகாரம் பத்தே கால் காட்டியது.

"உங்கள் தந்தைக்கு ஏன் இரண்டு பெயர்?"

"எங்கள் ஊர் வழக்கம்" என்று ஆரம்பித்தாள். பாதி பொய்தான், பிள்ளைகளுக்கு அது வழக்கம், அப்பாக்களுக்கு இல்லை. கட்டைவிரல் ரேகை கண்ணாடி வழியே தலைகீழாகத் தெரிந்தது. ஓரத்தில் மை கொஞ்சம் இழுபட்டிருந்தது.

"இல்லை. அவருக்கு ஒரே பெயர்தான். நல்லப்பன். இன்னொன்று நான் எழுதியது. பள்ளிக்கூடத்தில் வெட்கப்பட்டு எழுதினேன். கார்டில் திருத்தக் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆகும். பயணம் முடிந்து வந்ததும் கொடுப்பேன்."

"அவர் என்ன வேலை செய்கிறார்?"

"விவசாயம். ஆறு மாடு. நான் போகிற பண்ணையில் செய்கிற வேலைதான்."

அம்மையார் கணினியில் என்னவோ தட்டினார். வெகுநேரம் தட்டினார். பிறகு பலகையில் அடுத்த ஆளின் எண் விழுந்தது.

பாயிடம் நடந்ததைச் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு வாரம் பொறுத்தா வழி தெரியும். நீ பொறுக்க மாட்டியே!" அவள் பொறுக்கவில்லைதான். அந்தப் பத்து நாளும் ரயிலில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வேகுவேகென்று நடந்தாள். ஒரு மத்தியானம் பண்ணையின் விளம்பரத்தைத் திறந்து, 'பூ வாசம்' என்று இருந்ததை அழித்துவிட்டு, 'சாணி வாசம் வரும், ரெண்டு நாளில் பழகிவிடும்' என்று எழுதினாள்.

பதினோராம் நாள் உறை வந்தது. நின்றபடியே கிழித்தாள். பாஸ்போர்ட்டின் மூன்றாம் தாளில் விசா ஒட்டியிருந்தது. பாய் ஏதோ சத்தமாகச் சொன்னார்; காதில் விழவில்லை. வாசலுக்குப் போய் ஊருக்குப் போன் போட்டாள்.

"அப்பா, கெடச்சிருச்சு."

மறுமுனையில் ஒரு மாடு கத்தியது. "அந்த மில்காரனுக்கும் சொல்லிட்டியா?"

"அந்தாளு செத்துட்டாருப்பா."

"அடப்பாவமே. எப்போ?"

"போன வாரத்துக்கு மொத வாரம், வியாழக்கிழம. காலையில பத்தே காலுக்கு."

சுனிதா நடைபாதையில் மூன்று கடை தாண்டி நடந்து, திரும்பி நடந்தாள்.

"சரி" என்றார் நல்லப்பன். "அந்தப் பண்ணைக்காரப் பொம்பளயோட மாடு ஒரு நேரத்துக்கு எத்தினி படி கறக்குதுன்னு பாத்துட்டு வா. அவ சொல்றத நம்பாத. நீயே கறந்து பாரு."